வேரா, தீவிரமா? ராடிக்கல் பெண்ணியத்தைத் தனியே பிரித்துப் பேசலாமா

மணிமுத்தாறு | 2 மார்ச் 2024, காலை 10.15

பட்டிமன்றத்திலும் தொலைக்காட்சி விவாதத்திலும் ஒரு வாக்கியம் தவறாமல் வருகிறது: "நான் பெண்ணியத்துக்கு எதிரியில்லை, தீவிரப் பெண்ணியத்துக்குத்தான் எதிரி." சொல்லி முடிப்பதற்குள் கைதட்டல். என் வாதம் இதுதான்: இந்தப் பிரிவே வேண்டாம். பெண்ணியம் ஒன்றுதான். நாமே பிரித்துப் பேசினால், ஒரு பாதியை வெட்டிப் போட நாமே அரிவாள் எடுத்துக் கொடுத்த மாதிரி. மறுப்பு இருந்தால் சொல்லுங்கள்.

வெண்தாழை | 2 மார்ச், மதியம் 1.40

மறுப்பு உண்டு தோழர். பிரிக்கத்தான் வேண்டும். ஆனால் அந்த மேடைப் பேச்சாளர் கோடு போடுகிற இடத்தில் அல்ல. அவர் குரலை வைத்துப் பிரிக்கிறார். தணிந்து கேட்டால் பெண்ணியம், அதட்டிக் கேட்டால் தீவிரப் பெண்ணியம்.

பாதிக் குழப்பம் மொழிபெயர்ப்பில் வந்தது. ராடிக்கல் என்ற சொல்லுக்கு மூலம் லத்தீனில் ராடிக்ஸ், அதாவது வேர். நம் கல்லூரிக் கையேடுகளில் அது 'தீவிரவாதப் பெண்ணியம்' என்று ஏறிவிட்டது, பக்கத்திலேயே 'மிதவாதப் பெண்ணியம்'. பத்தாம் வகுப்பு வரலாற்றில் கோகலேயை மிதவாதி என்றும் திலகரைத் தீவிரவாதி என்றும் படித்துவிட்டு வருகிறவர்களுக்கு, இங்கேயும் அதே கணக்கு என்று தோன்றுவது இயல்பு. போகிற ஊர் ஒன்று, வேகம்தான் வேறு என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

வேறுபாடு வேகத்தில் இல்லை, நோயை எங்கே கண்டுபிடிக்கிறோம் என்பதில் இருக்கிறது. பொதுநீரோட்டப் பெண்ணியம் (அமெரிக்காவில் தாராளவாதப் பெண்ணியம் என்றே பெயர்) பள்ளி, அலுவலகம், நீதிமன்றம் எல்லாம் இருக்கட்டும், பெண்ணை வெளியே நிறுத்தியிருக்கிறீர்கள், கதவைத் திறங்கள் என்கிறது. 1967-ல் நியூயார்க்கில் 'ராடிக்கல் பெண்கள்' என்று தாங்களே பெயர் வைத்துக்கொண்டு கூடியவர்கள் சொன்னது வேறு: ஆணாதிக்கம் என்பது தனியொரு அதிகார அமைப்பு. முதலாளித்துவத்தின் வால் அல்ல, பழைய சட்டங்களின் மிச்சமும் அல்ல. அது படுக்கையறையிலும் அடுப்படியிலும் பிள்ளை வளர்ப்பிலும் தினமும் புதிதாக உற்பத்தியாகிறது.

உதாரணம் கருக்கலைப்பு. 1967-ல் கொலராடோ சட்டத்தைத் தளர்த்தியது, மருத்துவர் குழு ஒப்புக்கொண்டால் செய்யலாம் என்று. அது சீர்திருத்தம். ராடிக்கல் பெண்கள் கேட்டது சட்ட நீக்கம். கருக்கலைப்பு உரிமைக்காகப் போராடிய லூசிண்டா சிஸ்லர் ஒரு வெள்ளைத் தாளைத் தூக்கிக் காட்டினார்: இதுதான் சரியான கருக்கலைப்புச் சட்டம், இதில் ஒரு எழுத்தும் வேண்டாம்.

ஏட்டுச்சுவடி | 2 மார்ச், மாலை 6.05

முள்ளங்கியின் ஆங்கிலப் பெயரும் அதே ராடிக்ஸிலிருந்து வந்ததுதான். கணக்கில் வர்க்கமூலக் குறிக்கும் அதே பெயர். அங்கே நாம் 'மூலம்' என்று சரியாக மொழிபெயர்த்தோம், அரசியலுக்கு வந்தபோது 'தீவிரம்' என்று விட்டுவிட்டோம்.

வெண்தாழை | 3 மார்ச், காலை 7.20

நேற்று எழுதியதில் ஒரு பெரிய திருத்தம். சீர்திருத்தம் கேட்டது பொதுநீரோட்டம், நீக்கம் கேட்டது ராடிக்கல் என்ற தொனி என் உதாரணத்தில் வந்துவிட்டது. அது தவறு. 1966-ல் தொடங்கிய தேசியப் பெண்கள் அமைப்பு, சுருக்கமாக 'நவ்', பெட்டி ஃப்ரீடன் தலைமையில் 1967 நவம்பர் மாநாட்டிலேயே கருக்கலைப்புச் சட்டங்களை நீக்கக் கோரி தீர்மானம் போட்டுவிட்டது. அதைப் பொறுக்காத ஒரு பகுதியினர் வெளியே போய் 1968-ல் 'வீல்' என்ற தனி அமைப்பு கண்டார்கள். கோரிக்கையின் அளவை வைத்துப் பார்த்தால் நவ்-ம் ராடிக்கலும் இங்கே ஒரே வரிசையில் நிற்கிறார்கள்.

வேறுபாடு வழியில் தெரிகிறது. 1969 பிப்ரவரி 13, நியூயார்க் மாநிலச் சட்டமன்றக் குழு கருக்கலைப்புச் சட்டம் பற்றி நிபுணர்களை விசாரித்தது. சாட்சிகள் 15 பேர்: ஆண்கள் 14, ஒரு கன்னியாஸ்திரி. ரெட்ஸ்டாக்கிங்ஸ் என்ற ராடிக்கல் குழுவின் பெண்கள் எழுந்து, இந்த விஷயத்தில் உண்மையான நிபுணர்கள் நாங்கள் என்று குறுக்கிட்டார்கள். கூட்டம் கதவை மூடிக்கொண்டது. மார்ச் 21 அன்று வாஷிங்டன் சதுக்கத்து மெதடிஸ்ட் தேவாலயத்தில் அவர்களே ஒரு விசாரணை நடத்தினார்கள். சுமார் 300 பேர் முன்னால் 12 பெண்கள் தங்கள் கருக்கலைப்பைப் பற்றி வாய்திறந்து பேசினார்கள். அது குற்றமாக இருந்த காலம் என்பதை மறக்கக் கூடாது.

ஆக, நவ் சட்டமன்றத்தைப் பார்த்துப் பேசியது. ரெட்ஸ்டாக்கிங்ஸ் பெண்கள், யார் அறிந்தவர் என்று தீர்மானிக்கும் அதிகாரத்தையே கையில் எடுத்தார்கள். கோடு இங்கேதான்.

வெண்தாழை | 3 மார்ச், இரவு 9.50

பொதுநீரோட்டத்தை மட்டம் தட்டுவதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். கதவைத் திறப்பது லேசான வேலையல்ல. ஜார்ஜியாவில் லோரினா வீக்ஸ் என்ற தொலைபேசி ஊழியர் சுவிட்ச்மேன் வேலை (தொலைபேசி நிலையக் கருவிகளைப் பராமரிப்பது) கேட்டார். 30 பவுண்டுக்கு மேல், நம் கணக்கில் 13.6 கிலோ, பெண்கள் தூக்கக் கூடாது என்ற விதியைக் காட்டி மறுத்தார்கள். ஒரு மூன்று வயதுக் குழந்தையின் எடை அது. இடுப்பில் பிள்ளையை வைத்துக்கொண்டு கடைக்குப் போய் வருகிறவளிடம் சொல்லப்பட்ட விதி. நவ் வழக்கறிஞர் சில்வியா ராபர்ட்ஸ் வாதாடி 1969-ல் மேல்முறையீட்டில் வென்றார்.

இன்னொன்று: அமெரிக்க நாளிதழ்களில் 'ஆண்கள் தேவை', 'பெண்கள் தேவை' என்று வேலை விளம்பரங்கள் தனித்தனிப் பத்தியில் வரும். பிட்ஸ்பர்க் நகரில் நவ் கொடுத்த புகார் உச்சநீதிமன்றம் வரை போய், 1973-ல் 5-க்கு 4 என்ற ஒற்றை வாக்கில் அந்தப் பிரிவுக்கு முடிவு கட்டியது. இதை 'மிதம்' என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

தெற்குத்தெரு | 4 மார்ச், காலை 11.00

எல்லாம் சரி. பிராவைக் கொளுத்தியது இந்த ராடிக்கல் கும்பல்தானே? பொதுமக்கள் விலகிப் போவது அதனால்தான்.

வெண்தாழை | 4 மார்ச், மதியம் 12.30

கொளுத்தவில்லை. 1968 செப்டம்பர் 7, அட்லாண்டிக் சிட்டி கடற்கரை மரப்பாதை, மிஸ் அமெரிக்கா போட்டி நடக்கும் அரங்குக்கு வெளியே. 'சுதந்திரக் குப்பைத்தொட்டி' என்று ஒன்றை வைத்து அதில் பிரா, இடுப்பை இறுக்கும் உள்ளாடை, குதிகால் செருப்பு, முடிச்சுருட்டி, பெண்கள் பத்திரிகைகள் எல்லாவற்றையும் எறிந்தார்கள். அன்று தீ எரியவில்லை. வியட்நாம் போருக்கு ஆள் சேர்க்கும் அட்டைகளை இளைஞர்கள் எரித்துக்கொண்டிருந்த காலம் என்பதால், ஒரு செய்தியாளர் இரண்டையும் ஒப்பிட்டு எழுதினார். அந்த ஒப்புமை பிறகு நடந்த சம்பவமாகவே பரவிவிட்டது.

ஆனால் அந்தப் போராட்டத்தில் உண்மையாகவே ஒரு பிழை இருந்தது, அதை அவர்களே எழுதியிருக்கிறார்கள். போட்டியாளர்களைக் கேலி செய்யும் பதாகைகள் சில வந்துவிட்டன. மேடையில் நிற்கிற பெண் எதிரியல்ல, அவளை நிறுத்துகிற ஏற்பாடுதான் எதிரி என்பது அந்தப் பதாகைகளில் தொலைந்துபோனது. அந்தப் போராட்டத்தில் இருந்த கரோல் ஹானிஷ் அதே ஆண்டு இதைச் சுயவிமர்சனமாகப் பதிவு செய்தார்.

வெண்தாழை | 5 மார்ச், இரவு 8.15

ராடிக்கல் பெண்ணியத்தின் கருவி என்ன என்று தனிமடலில் இருவர் கேட்டார்கள். விழிப்புணர்வு வட்டம்தான். நம்மூரில் இதைப் 'பெண்கள் மனம்விட்டுப் பேசும் கூட்டம்' என்று சுருக்கிவிடுகிறோம். அவ்வளவு மட்டும் இல்லை.

வட்டம் சிறியதாக இருக்க வேண்டும், பத்துப் பேரைச் சுற்றி. பெண்கள் மட்டும். அன்றைக்கு ஒரே கேள்வி. 'திருமணம் பற்றி என்ன நினைக்கிறீர்கள்' என்று கேட்டால் கட்டுரைதான் வரும். 'வீட்டில் கடைசியாகச் சாப்பிடுவது யார், அவருக்கு என்ன மிஞ்சும்' என்று கேட்டால் வாழ்க்கை வரும். வரிசையாக எல்லோரும் பேச வேண்டும், தாண்டிப் போகக் கூடாது. ஒருவர் பேசும்போது அறிவுரையோ ஆறுதலோ குறுக்கே வரக் கூடாது. சுற்று முடிந்த பிறகுதான் முக்கியமான கட்டம்: சொன்னவற்றில் எது எது திரும்பத் திரும்ப வந்தது, அதனால் லாபம் யாருக்கு, இதை எப்படி மாற்றுவது. நியூயார்க் ராடிக்கல் பெண்களில் ஒருவரான கேத்தி சாராசைல்ட் 1968-ல் இதற்கு ஒரு செயல்திட்டமே எழுதினார்.

பெரும்பாலும் கோளாறு ஆவது இந்தக் கடைசிக் கட்டத்தில். சுற்று முடிந்ததும் அழுது, அணைத்துக்கொண்டு, டீ குடித்துவிட்டுக் கலைந்துவிட்டால் அது மனநலக் கூட்டம். அதற்கும் தேவை இருக்கிறது, ஆனால் வேலை வேறு. 'தனிப்பட்டதும் அரசியலே' என்ற தலைப்பில் புகழ்பெற்ற ஹானிஷின் 1969 குறிப்பு, இந்த வட்டங்களை வெறும் சிகிச்சை என்று ஒதுக்கியவர்களுக்கு எழுதிய பதில்தான். அந்தத் தலைப்பை வைத்தவர் அவரும் அல்ல. 1970-ல் அதை அச்சிட்ட ஷூலமித் ஃபயர்ஸ்டோனும் ஆன் கோட்டும் வைத்தது.

ஏட்டுச்சுவடி | 6 மார்ச், காலை 6.40

வெண்தாழை, 'ராடிக்கல் பெண்கள் சொன்னது' என்று ஒருமையில் எழுதுகிறீர்கள். அவர்களுக்குள்ளேயே ஒத்துப்போகவில்லையே?

வெண்தாழை | 6 மார்ச், மாலை 5.25

சரியான குட்டு. ஒத்துக்கொள்கிறேன்.

பெண்கள் ஏன் அடங்கிப் போகிறார்கள் என்ற ஒரு கேள்விக்கே இரண்டு பதில். ரெட்ஸ்டாக்கிங்ஸ் சொன்னது: மூளைச்சலவை ஒன்றும் இல்லை, அடங்காவிட்டால் என்ன விலை என்று அவளுக்குத் தெரியும், தினசரி நெருக்கடிதான் காரணம், மாற வேண்டியது ஆண்கள். 'தி ஃபெமினிஸ்ட்ஸ்' என்ற குழு சொன்னது: பால்வேடம் (ஆண் இப்படி, பெண் இப்படி என்று சமூகம் தரும் பாத்திரம்) உள்ளே ஊறிவிட்டது, திருமணமும் அதன் பகுதி, அதிலிருந்து விலக வேண்டும். இந்தக் குழுவைத் தொடங்கிய டி-கிரேஸ் ஆட்கின்சன், நியூயார்க் நவ் கிளையின் தலைவராக இருந்தவர். பதவிகளைச் சுழற்சி முறையில் தர வேண்டும் என்ற அவருடைய யோசனை தோற்றதும் 1968 அக்டோபர் 17 அன்று வெளியேறினார்.

அந்தக் குழுவின் ஒரு ஏற்பாட்டைக் கிட்டத்தில் பார்க்க வேண்டும். கூட்டம் தொடங்கும்போது ஒவ்வொருவருக்கும் ஒரே எண்ணிக்கையில் வில்லைகள். ஒரு தடவை பேசினால் ஒரு வில்லையைக் கொடுத்துவிட வேண்டும். கையில் தீர்ந்தால் வாயை மூட வேண்டியதுதான். வாய்ச்சாலகர்கள் பத்து நிமிடத்தில் வெறுங்கையோடு உட்கார்ந்திருப்பார்கள், ஓரமாக இருப்பவர்களின் கையில் வில்லைகள் அப்படியே இருக்கும். வேலைகளைச் சீட்டுக் குலுக்கிப் பிரித்தார்கள், தட்டச்சு அடிப்பதும் மேடையில் பேசுவதும் மாறி மாறி வர வேண்டும் என்று. நல்ல யோசனைதான். நம் சங்கக் கூட்டங்களிலும் செய்து பார்க்கலாம்.

அதே குழு 1969-ல் இன்னொரு விதியும் போட்டது: கல்யாணமானவர்களோ ஆணோடு சேர்ந்து வாழ்பவர்களோ உறுப்பினர்களில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. இங்கேதான் வழி தவறியது என்பது என் கருத்து. அமைப்பை அலசுவதற்குப் பதில் உறுப்பினரின் வீட்டை எட்டிப் பார்க்கத் தொடங்கினால், மிச்சமிருப்பது தூய்மைப் பரீட்சை. பெண்களில் பெரும்பாலோர் வாழ்கிற இடத்தையே தகுதிக் குறைவாக்கிவிட்டு யாருக்காக இயக்கம் நடத்துவது?

தலைவரே வேண்டாம் என்ற குழுக்களிலும் கோளாறு வந்தது. ஜோ ஃப்ரீமன் 1970-களின் தொடக்கத்தில் விவரமாக எழுதினார்: அமைப்பு இல்லை என்று சொன்னால் தலைமை ஒழிவதில்லை, அது தோழிகளின் உள்வட்டத்துக்குப் போய்ச் சேர்கிறது. யாரையும் தேர்ந்தெடுக்காததால் யாரையும் இறக்கவும் முடியாது. பத்திரிகைக்காரர்கள் தாங்களே ஒருவரை நட்சத்திரமாக்கிவிடுவார்கள், பிறகு மற்றவர்கள் அவர்மேல் பாய்வார்கள். அவர் தந்த மருந்து எளியது: பொறுப்பைப் பெயர் சொல்லி ஒப்படைப்பது, ஒப்படைத்தவர்களுக்குக் கணக்குக் காட்டுவது, சுழற்சி, தகவல் எல்லோருக்கும் போவது.

மணிமுத்தாறு | 6 மார்ச், இரவு 10.10

இவ்வளவு உள்பிரிவு இருந்தால் என் வாதம்தானே வலுப்படுகிறது? 'ராடிக்கல்' என்ற பெயருக்குள் எல்லாம் இருக்கிறது என்றால் அந்தப் பெயரால் என்ன பயன்?

வெண்தாழை | 7 மார்ச், காலை 8.30

பயன் இருக்கிறது. எது எங்கிருந்து வந்தது, வருகிற வழியில் எதை இழந்தது என்று பார்க்க அந்தப் பெயர் வேண்டும். பணியிடப் பாலியல் துன்புறுத்தலை எடுங்கள். 1975-க்கு முன் அதற்குப் பெயரே இல்லை. நியூயார்க் மாநிலம் இத்தாகாவில், மேலதிகாரியின் சீண்டல் தாங்காமல் வேலையை விட்ட ஒரு ஊழியருக்கு வேலையில்லாதோர் உதவித்தொகை மறுக்கப்பட்டது, சொந்தக் காரணத்துக்காக விலகினார் என்று. பெண்கள் கூடிப் பேசினார்கள், பெயர் வைத்தார்கள், அந்த ஆண்டு மே 4 அன்று பொதுவில் பேசும் கூட்டம் நடத்தினார்கள். கருவி அதே விழிப்புணர்வு வட்டம். 1979-ல் சட்ட அறிஞர் கேத்தரின் மெக்கின்னன் அதைப் பாகுபாடு என்று சட்ட மொழியில் எழுதினார். இரண்டு வகை: சலுகைக்குப் பேரமாக உடலைக் கேட்பது, வேலைச் சூழலையே நஞ்சாக்குவது. 1986-ல் அமெரிக்க உச்சநீதிமன்றம் ஏற்றது. இந்தியாவில், ராஜஸ்தானின் சமூகப் பணியாளர் பன்வாரி தேவி கூட்டு வல்லுறவுக்கு ஆளான பிறகு பெண்கள் அமைப்புகள் தொடுத்த விசாகா வழக்கில் 1997-ல் வழிகாட்டு நெறிகள் வந்தன, 2013-ல் சட்டம். மெக்கின்னன் பிரித்த இரண்டு வகைகளையும் அதன் 3-ஆம் பிரிவில் கண்ணால் பார்க்கலாம்.

இப்போது இழந்தது. சட்டப்படி 10 பேருக்கு மேல், அதாவது 10 பேரும் அதற்கு அதிகமும் இருக்கிற இடத்தில் உள்ளகக் குழு. தலைவர் மூத்த பெண் ஊழியர், பாதிப் பேராவது பெண்கள், வெளியிலிருந்து ஒருவர். சம்பவம் நடந்த 3 மாதத்துக்குள் எழுத்தில் புகார், காரணம் இருந்தால் இன்னும் 3 மாதம் நீட்டலாம். 90 நாளில் விசாரணை முடிய வேண்டும். ஆள் குறைவான இடங்களுக்கும் வீட்டு வேலை செய்பவர்களுக்கும் மாவட்ட அளவில் உள்ளூர்க் குழு. எல்லாம் தேவையானவை. ஆனால் வட்டத்தில் பத்துப் பெண்கள் சேர்ந்து 'இது எனக்கும் நடந்தது' என்று கண்டுபிடித்த விஷயம், குழுவுக்கு வரும்போது ரகசியம் காக்க வேண்டிய தனித்தனிக் கோப்பாகிவிடுகிறது. 16-ஆம் பிரிவு புகார் விவரத்தை வெளியிடத் தடை போடுகிறது. புகார் கொடுத்தவரைக் காக்க அது வேண்டும்தான். அதே ரகசியம்தான், ஒரே ஆளைப் பற்றி நான்கு பெண்கள் நான்கு வருடத்தில் கொடுத்த புகார்களை ஒன்றையொன்று அறியாமல் வைக்கிறது.

குழுவின் வெளி உறுப்பினராக இருப்பவர்கள் பெயர் இல்லாமல் செய்யக்கூடியது ஒன்று உண்டு. ஆண்டறிக்கையில் எண்ணிக்கையோடு நிறுத்தாமல், எந்த வகைச் சூழலில் திரும்பத் திரும்ப வருகிறது (இரவுப் பணி, ஒப்பந்த ஊழியர், வெளியூர்ப் பயணம்) என்று எழுதச் சொல்லுங்கள். வட்டத்தின் கடைசிக் கட்டத்தில் கொஞ்சமாவது திரும்பக் கிடைக்கும்.

வெண்தாழை | 7 மார்ச், காலை 8.50

மேலே '10 பேருக்கு மேல், அதாவது' என்று இழுத்ததை அப்படியே விடுகிறேன். பலரும் 11 என்று நினைக்கிறார்கள். சரியாக 10 இருந்தாலே குழு கட்டாயம்.

ஏட்டுச்சுவடி | 7 மார்ச், இரவு 7.45

ஆபாசப் பட விவகாரத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மெக்கின்னனும் ராடிக்கல் எழுத்தாளர் ஆண்ட்ரியா டுவார்க்கினும் எழுதிய சட்டத்தை இண்டியானாபொலிஸ் நகரம் 1984-ல் நிறைவேற்றியது. அது போலீஸ் தடை அல்ல, பாதிக்கப்பட்ட பெண் சிவில் வழக்குப் போடலாம் என்ற ஏற்பாடு. நீதிமன்றம் பேச்சுரிமையைக் காட்டி ரத்து செய்தது. அந்தச் சட்டத்துக்கு எதிராகப் பெண்ணியவாதிகள் கொடுத்த மனுவில் பெட்டி ஃப்ரீடனும் கையெழுத்திட்டார், கேட் மில்லெட்டும் கையெழுத்திட்டார். ஒருவர் பொதுநீரோட்டத்தின் முகம், ஒருவர் ராடிக்கல் சிந்தனையின் முகம். ரெட்ஸ்டாக்கிங்ஸைத் தொடங்கிய இருவரில் ஒருவரான எல்லன் வில்லிஸும் ஆபாச எதிர்ப்பு அரசியலை எதிர்த்தவர்.

மூன்றாம்வருடம் | 7 மார்ச், இரவு 9.00

வெண்தாழை அக்கா, ராடிக்கல் பெண்ணியம் என்றாலே திருநங்கைகளுக்கு எதிரானது என்று வகுப்பில் சொன்னார்கள். அப்படியா?

வெண்தாழை | 7 மார்ச், இரவு 11.20

அப்படி ஒரு கிளை இருக்கிறது, 1970-களிலிருந்தே இருக்கிறது. அது செய்த காயமும் உண்மை. அதற்காக முழு மரமும் அது என்று சொல்ல முடியாதும்மா. மெக்கின்னன் திருநங்கைகளின் உரிமைக்காக வெளிப்படையாகப் பேசுகிறவர். டுவார்க்கின் 1974-லேயே, பாலின மாற்ற அறுவை சிகிச்சை வேண்டுபவர்களுக்குச் சமூகம் அதைத் தர வேண்டும் என்று எழுதியவர். பால்வேடம் பிறப்பில் வருவதல்ல, திணிக்கப்படுவது என்ற வேர்க்கருத்தை எடுத்துக்கொண்டு உடலையே எல்லையாக்குவது, என் பார்வையில், அந்தக் கருத்துக்கே எதிரானது. தேர்வில் எழுதும்போது 'ராடிக்கல் பெண்ணியத்தின் ஒரு பிரிவு' என்று எழுது.

மணிமுத்தாறு | 8 மார்ச், காலை 9.15

நம் ஊருக்கு இந்தக் கோடு பொருந்துமா? பெரியாரை எந்தப் பக்கம் வைப்பீர்கள்?

வெண்தாழை | 8 மார்ச், மதியம் 2.00

இரண்டு பக்கமும். 1929 பிப்ரவரி செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டுத் தீர்மானங்களைப் பாருங்கள்: பெண்ணுக்குச் சம சொத்துரிமை, மணவிலக்கு உரிமை. கதவைத் திறக்கிற கோரிக்கைகள். சொத்துரிமைக்கு தமிழ்நாட்டில் சட்டம் வந்தது 1989-ல், அறுபது வருடம் கழித்து. அதே பெரியார், 'ஆண்மை' என்ற கருத்து அழிந்தாலொழியப் பெண்ணுக்கு விடுதலை இல்லை என்றும், பிள்ளைப்பேறே அடிமைத்தனத்துக்குக் காரணமாகிறது என்றும் எழுதினார். இது வேரைத் தொடுகிற பேச்சு. 1970-ல் ஃபயர்ஸ்டோன் பிள்ளைப்பேற்றிலிருந்து பெண்ணுடலை விடுவிக்க வேண்டும் என்று எழுதியபோது அமெரிக்காவில் அதிர்ந்தார்கள். தமிழில் அது பழைய செய்தி.

ஆனால் அமெரிக்க அட்டவணையை அப்படியே இறக்க முடியாது. அங்கே ராடிக்கல் பெண்கள் ஆணாதிக்கத்தைத் தனி வேர் என்றார்கள். இங்கே சாதியும் மதமும் அதே வேரில் பின்னிக் கிடக்கின்றன. புரோகிதரும் மந்திரமும் இல்லாமல், உறவினர் நண்பர் முன்னால் இருவருக்கும் புரியும் மொழியில் அறிவித்தாலோ, மாலையோ மோதிரமோ மாற்றிக்கொண்டாலோ தாலி கட்டினாலோ திருமணம் செல்லும் என்று 1967-ல் தமிழ்நாடு சட்டத் திருத்தம் செய்தது. அது பாலினச் சட்டமா, சாதி எதிர்ப்புச் சட்டமா? பிரித்துக் காட்ட முடியாது.

மூன்றாம்வருடம் | 8 மார்ச், மாலை 4.30

அக்கா, அப்போ அட்டவணை போட வேண்டாமா? ஐந்து மதிப்பெண் கேள்வி.

வெண்தாழை | 8 மார்ச், மாலை 6.15

போடு. ஆனால் ஆட்களையும் அமைப்புகளையும் இரண்டு பத்தியில் பிரிக்காதே, ஒரு கோரிக்கையை எடுத்து மூன்று கேள்வி கேள்: காரணம் எங்கே என்கிறார்கள், யாரை நோக்கிக் கேட்கிறார்கள், கிடைத்த பிறகும் எது மாறாமல் இருக்கும். மூன்றாவது கேள்விக்கு சிஸ்லர் நல்ல உதாரணம். 1970-ல் நியூயார்க் சட்டம் 24 வாரம் வரை கருக்கலைப்பை அனுமதித்தபோது எல்லோரும் கொண்டாடினார்கள். மருத்துவமனையில் மட்டும், மருத்துவர் மட்டும், இத்தனை வாரம் மட்டும், கணவன் அல்லது பெற்றோர் சம்மதத்தோடு மட்டும் என்று நான்கு வகை நிபந்தனைகள் பின்கதவால் வரும் என்று அவர் அந்த நேரத்திலேயே எச்சரித்தார். இந்தியாவின் 1971 சட்டத்தை, 2021 திருத்தத்தோடு சேர்த்துப் படித்துப் பார். 20 வாரம் வரை ஒரு மருத்துவரின் கருத்து, அதற்கு மேல் 24 வரை சில பிரிவினருக்கு மட்டும், இரண்டு மருத்துவரின் கருத்து. தீர்மானிக்கிற இடத்தில் பெண் இல்லை.

இன்னொரு உதாரணம் வேண்டுமானால் திருமண வல்லுறவு. வீட்டுக்குள் நடப்பதும் அதிகாரம்தான் என்ற கண்டுபிடிப்பு ராடிக்கல் பெண்களுடையது. அதைச் சட்டமாக்கு என்று கேட்கிற வழி பொதுநீரோட்டத்தினுடையது. அமெரிக்காவின் 50 மாநிலங்களிலும் அது குற்றமாக 1993 ஆனது. நம் பாரதிய நியாய சன்ஹிதாவின் 63-ஆம் பிரிவை எடுத்து, கடைசியில் இருக்கிற இரண்டாம் விதிவிலக்கைப் படி. மனைவிக்கு 18 வயது நிரம்பியிருந்தால் கணவன் செய்வது வல்லுறவு ஆகாது என்று இருக்கும். அந்த வரிக்கு உன் மூன்று கேள்விகளையும் போட்டுப் பார்த்து எழுது, ஐந்துக்கு ஐந்து வரும்.